குரோம்புக்கில் டெஸ்க்டாப் மென்பொருளும் கேமும்: எந்தச் சுமையை எங்கே இறக்குவது?

கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்கை வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "செட்டப் ஃபைலை டவுன்லோடு பண்ணிட்டேன், ரெண்டு தடவை கிளிக் பண்ணியும் ஒண்ணும் நடக்கலையே?" நடக்காது. அந்த ஃபைல் விண்டோஸுக்காகக் கட்டியது. குரோம் ஓஎஸ்ஸுக்கு அது பிரிக்கத் தெரியாத பொட்டலம். ஆனால் கேட்பவருக்கு வேண்டியது அந்த ஃபைல் இல்லை, அதை வைத்து முடிக்க நினைத்த வேலை. அந்த வேலையை முடிக்க இன்று ஆறேழு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சரியாக அமைந்திருக்கிறது. அதனால்தான் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், கேட்பவர் குழம்பிப்போகிறார்.

2011-ல் முதல் குரோம்புக்குகள் வந்தபோது அவற்றின் அடிப்படை எளிமையானது. மடிக்கணினியில் பிரவுசர் இருந்தால் போதும், மற்றதெல்லாம் இணையத்தின் மறுமுனையில் நடக்கட்டும். இயங்குதளம் இருக்கும் பகுதியைப் பயனர் தொட முடியாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் யாரும் கைவைக்கவில்லையே என்று கணினியே சோதித்துக்கொள்ளும். சில நொடிகளில் திறப்பதும், வைரஸ் பயம் குறைவாக இருப்பதும், 4 ஜிபி ரேமில் காலம் தள்ளுவதும் இந்த ஏற்பாட்டால்தான். கணினி இலேசாக இருப்பதற்குக் காரணம், சுமையை வேறெங்கோ இறக்கி வைத்திருப்பது. டெஸ்க்டாப் மென்பொருள் வேண்டும், கேம் வேண்டும் என்று கேட்ட உடனே அந்தச் சுமை திரும்பி வருகிறது. வழிகளை ஒப்பிடும்போது நான் கவனிப்பது இதைத்தான்: திரும்பி வரும் சுமை எதன் தலையில் விழுகிறது? உங்கள் கணினியின் ரேமிலா, இணைய இணைப்பிலா, வேறொரு கணினியிலா, உங்கள் நேரத்திலா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளுக்கும் கேமுக்கும் ஒரே வழியைத் தேடாதீர்கள். வேலைக்கான மென்பொருளைக் கணினிக்குள்ளேயே, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு ஒதுக்கும் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கேம்களை வெளியே எங்காவது ஓடவிட்டு, படத்தை மட்டும் உங்கள் திரைக்கு வரவழையுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் உங்கள் கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே நிறுவனத்தின் இரண்டு குரோம்புக்குகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் இருக்கும், மற்றொன்றில் மீடியாடெக் அல்லது குவால்காம் சிப். பின்னது ஏஆர்எம் வகை. பேட்டரி நீடிப்பதில் ஏஆர்எம் பெரும்பாலும் முந்தும், ஆனால் விண்டோஸ் மென்பொருளில் மிகப் பெரும்பான்மை இன்டெல் வகைக் கட்டளைகளில் எழுதப்பட்டது. ஏஆர்எம் கணினியில் அதை ஓட்ட வேண்டுமென்றால் இயங்குதளத்தை மட்டும் பெயர்த்தால் போதாது, சிப்பின் மொழியையும் பெயர்க்க வேண்டும். இரட்டை மொழிபெயர்ப்பு. பாக்ஸ்64 போன்ற கருவிகள் அதைச் செய்கின்றன. ஆர்வத்துக்காகச் செய்து பார்க்கலாம், ஆனால் நாளை காலை ஒப்படைக்க வேண்டிய வேலையை அதை நம்பி வைக்க மாட்டேன்.

சிப் எது, ரேம் எவ்வளவு என்பதை 'டயக்னாஸ்டிக்ஸ்' என்ற செயலி காட்டிவிடும். ரேம் 4 ஜிபி என்றால் வலைச் செயலிகளோடும் ஸ்ட்ரீமிங்கோடும் நின்றுவிடுவது நல்லது. 8 ஜிபி இருந்தால் லினக்ஸ் பகுதி நிம்மதியாக ஓடும். சேமிப்பு 32 ஜிபி மட்டும் என்றால் அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பேசி முடிந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பது. 2021-லிருந்து வெளிவந்த மாடல்களுக்கு 10 ஆண்டுகள் தானியங்கி அப்டேட் தரப்படும் என்று 2023-ல் கூகுள் அறிவித்தது. அந்த 10 ஆண்டு, மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய கணினியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

பள்ளியோ அலுவலகமோ கொடுத்த கணினி என்றால், கீழே உள்ளவற்றில் பலவற்றை நிர்வாகி பூட்டி வைத்திருக்கலாம். அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிரவுசரே போதுமா?

பலருக்குப் போதும். மனசுதான் ஒப்புக்கொள்வதில்லை. படம் திருத்த ஃபோட்டோபீ இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல்களை லேயர்களோடு அப்படியே திறக்கும், வேலை முழுவதும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கும். ஃபோட்டோஷாப்பின் வலை வடிவமே 2023-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் மூன்றும் பிரவுசரில் கிடைக்கின்றன. வடிவமைப்புக்கு ஃபிக்மா தொடக்கத்திலிருந்தே வலையில்தான் வாழ்கிறது.

எங்கே அடி விழும் என்றால், ஆழத்தில். வலை எக்செல்லில் விபிஏ மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதி வைக்கும் தானியங்கிக் கட்டளை) ஓடாது. பல ஆண்டுகளாகக் கட்டி வைத்த கணக்குப் புத்தகம் மேக்ரோவை நம்பி இருந்தால், அந்த ஃபைல் திறக்கும், எண்கள் தெரியும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் அசையாது. இதை முதல் நாளே சோதித்துப் பாருங்கள். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

ஆண்ட்ராய்டு செயலிகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 2016-ல் குரோம்புக்குகளுக்கு பிளே ஸ்டோர் வந்தபோது இதுதான் எதிர்காலம் என்று பலரும் நினைத்தோம். ஆனால் கைபேசிக்காக வரைந்த திரை 14 அங்குலத்தில் விரிந்தால் வெற்றிடம்தான் அதிகம் தெரிகிறது. மைக்ரோசாஃப்ட் 2021-ல் குரோம்புக்கில் தன் ஆண்ட்ராய்டு ஆபீஸ் செயலிகளுக்கான ஆதரவை நிறுத்தி, வலைப் பதிப்புக்குப் போகச் சொல்லிவிட்டது. எனக்கு இவ்வழி உதவுவது சிறு கருவிகளுக்கும், தொடுதிரையில் ஆடும் கேம்களுக்கும். மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பு 2023-ல் குரோம்புக்குக்கென்றே வந்தது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அது ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

லினக்ஸ் பகுதி: உள்ளுக்குள் இன்னொரு கணினி

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. என் வேலையில் பெரும்பகுதி நடப்பதும் இங்கேதான்.

2018-ல் அறிமுகமாகி 2021-ல் பீட்டா முத்திரையைக் கழற்றிய ஏற்பாடு இது. அமைப்புகளில் 'டெவலப்பர்கள்' என்ற பகுதிக்குப் போய் லினக்ஸை இயக்கினால், குரோம் ஓஎஸ் தனக்குள் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, அதனுள் கன்டெய்னர் என்ற தனித்து அடைத்த பகுதியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும். இத்தனை உறைகள் எதற்கு? உள்ளே நீங்கள் என்ன செய்தாலும், எதை உடைத்தாலும், வெளியே உள்ள இயங்குதளத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்கு. இலேசான கணினியின் பாதுகாப்பையும் விடாமல், டெஸ்க்டாப் மென்பொருளையும் உள்ளே விட்ட ஏற்பாடு என்பதால்தான் இதன் மேல் எனக்கு மரியாதை. நிறுவிய மென்பொருளின் சின்னம் மற்ற செயலிகளோடு சேர்ந்து வரிசையில் நிற்கும், அதன் சாளரமும் மற்ற சாளரங்களைப் போலவே திறக்கும்.

லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி, விஷுவல் ஸ்டூடியோ கோடு, புள்ளியியலுக்கு ஆர் மொழி. இவை எல்லாம் முழு டெஸ்க்டாப் மென்பொருட்கள், இணையம் இல்லாமலும் ஓடுபவை. நிரல் எழுதுபவருக்கு இதைவிட நல்ல வழி குரோம்புக்கில் இல்லை. டெபியனின் கிடங்கில் இருக்கும் பதிப்புகள் சற்றுப் பழையவை. புதியது வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் என்ற இன்னொரு நிறுவும் முறை வழியாக நிறுவிக்கொள்ளலாம். அது இடத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும்.

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது. நிறுவும்போது லினக்ஸுக்கு 10 ஜிபி ஒதுக்கலாம் என்று அமைப்பே சொல்லும். இரண்டு பெரிய மென்பொருளும் சில ஆடியோ ஃபைல்களும் அதை நிரப்பிவிடும். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றாலும், தொடக்கத்திலேயே 20 ஜிபி கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். திரையில் எழுத்து பொடிப்பொடியாகவோ மங்கலாகவோ தெரிந்தால் சின்னத்தின் மேல் வலது கிளிக் செய்து அடர்த்தியை மாற்றிப் பாருங்கள். லினக்ஸ் மென்பொருளில் தமிழில் தட்டச்சு செய்வது உங்களுக்கு அவசியம் என்றால், வேலையை அங்கே மாற்றும் முன் ஒரு பத்தி தட்டிப் பாருங்கள். வெளியே பயன்படுத்தும் விசைப்பலகை அமைப்பு உள்ளேயும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறைகளும் உண்டு. கேமரா உள்ளே போகாது, அதனால் வீடியோ அழைப்பை பிரவுசரில் வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கட்டளைகள் ஓர் உறையைத் தாண்டித்தான் உண்மையான சிப்பைத் தொடுகின்றன. எழுத்து வேலைக்கு இது தெரியாது. 3டி வேலைக்கும் கேமுக்கும் நன்றாகவே தெரியும்.

ஒரு விஷயத்தை நான் வருத்தத்தோடுதான் கற்றுக்கொண்டேன். கூகுள் டிரைவில் செய்யும் வேலை தானாகச் சேமிக்கப்படும் பழக்கத்தில், லினக்ஸ் கோப்புறையில் இருப்பதும் எங்கோ பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் கணினியை முழுதாக அழித்து மறுபடி தொடங்கினேன். ஒரு முதியவரிடம் எடுத்த நேர்காணலின் திருத்திய ஒலிப்பதிவு உள்ளே இருந்தது. மூலப்பதிவு கைபேசியில் கிடைத்தது, மூன்று வார வேலை கிடைக்கவில்லை. லினக்ஸ் பகுதி கன்டெய்னரோடு பிறந்து கன்டெய்னரோடு போவது. அமைப்புகளிலேயே 'பேக்கப்' என்று ஒன்று இருக்கிறது, முழுப் பகுதியையும் ஒரே ஃபைலாக எடுத்துத் தரும். அதை வெளி டிஸ்க்கில் வையுங்கள். வேலை ஃபைல்களை கூகுள் டிரைவில் உள்ள ஒரு கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையை லினக்ஸோடு பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

விண்டோஸ் மென்பொருளேதான் வேண்டும் என்றால்

லினக்ஸ் பகுதிக்குள் வைன் என்ற மென்பொருளை நிறுவலாம். 1993-ல் தொடங்கிய திட்டம் இது. 15 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2008-ல்தான் தன் 1.0 பதிப்பை வெளியிட்டது. விண்டோஸை அது உள்ளே ஓட்டுவதில்லை. 'சாளரம் ஒன்று திற', 'இந்த ஃபைலைப் படி' என்று மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் கேள்விகளை வாங்கி, லினக்ஸ் புரிந்துகொள்ளும் விதத்தில் மாற்றிக் கேட்டு, பதிலைத் திருப்பிக் கொடுக்கும். துபாஷியின் வேலை. அதனால் விண்டோஸ் உரிமமும் வேண்டாம், விண்டோஸ் பிடிக்கும் இடமும் வேண்டாம்.

துபாஷிக்குத் தெரியாத கேள்வி வந்தால்தான் சிக்கல். பத்துப் பதினைந்து ஆண்டு பழைய மென்பொருள், ஒரே ஃபைலாக வரும் சிறு கருவி, ஆன்லைன் உரிமச் சோதனை இல்லாத அகராதி, இப்படிப்பட்டவை பெரும்பாலும் நன்றாக ஓடும். மாதச் சந்தாவில் வரும் இன்றைய பெரிய தொகுப்புகள், யுஎஸ்பி சாவி செருகினால்தான் திறக்கும் தொழில் மென்பொருட்கள், தனி டிரைவர் கேட்கும் பிரிண்டர் கருவிகள் படுத்திவிடும். எந்த மென்பொருள் எப்படி ஓடுகிறது என்பதை வைன் திட்டம் பயனர்களைக் கொண்டே பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை என்று தரம் பிரித்துப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. நிறுவும் முன் அங்கே தேடுங்கள். தங்கத்துக்குக் கீழே இருந்தால், அதை நம்பிப் பிழைப்பு நடத்த வேண்டாம் என்பது என் அளவுகோல். வைனுக்கு உழைக்கும் கோட்வீவர்ஸ் நிறுவனம் கிராஸ்ஓவர் என்ற பெயரில் கட்டண வடிவம் தருகிறது. சோதனைக் காலம் உண்டு என்பதால், கட்டளைகளைத் தட்டத் தயங்குபவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இவ்வழியில் சுமை விழுவது உங்கள் நேரத்தின் மேல். இன்று ஓடுவது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு ஓடாமல் போகலாம். மறுபடி உட்கார்ந்து சரிசெய்ய மனமிருந்தால் வைன் ஒரு வரப்பிரசாதம். நேரமில்லை என்றால் அடுத்த வழிதான் சரி.

அடுத்த வழி, வேறொரு விண்டோஸ் கணினியைத் தூரத்திலிருந்து இயக்குவது. வீட்டில் பழைய மேசைக் கணினி இருந்தால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை அதில் நிறுவி, குரோம்புக்கிலிருந்து திறந்து வேலை செய்யலாம். இலவசம். மேக்ரோ உள்ள எக்செல், உரிமச் சாவி உள்ள கணக்கு மென்பொருள், எல்லாம் தன் சொந்த இடத்தில் ஓடும், பொருத்தம் பார்க்க வேண்டியதே இல்லை. அந்தக் கணினி அணைந்திருந்தாலோ இணையம் போனாலோ வேலை நின்றுவிடும் என்பதுதான் விலை. அதைத் தூங்கவிடாமல் அமைக்கவும், மின்சாரம் போய் வந்தால் தானாக எழும்படி பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) மாற்றவும் மறக்காதீர்கள். சொந்தக் கணினி இல்லாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2021-ல் தொடங்கிய விண்டோஸ் 365 போன்ற வாடகை விண்டோஸ் இருக்கிறது. அது நிறுவனங்களை நினைத்து அமைத்தது. தனி ஆளுக்கு, அந்த மாதக் கட்டணத்தைச் சில காலம் சேர்த்தாலே ஒரு பழைய விண்டோஸ் கணினி வாங்கிவிடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேம்: ஸ்டீம் வந்ததும் போனதும்

கணினி கேம்களை விற்கும் கடையான ஸ்டீம் குரோம்புக்கில் ஓடும் என்று படித்துவிட்டு வாங்க நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தகவலுக்கு வயதாகிவிட்டது. 2022 மார்ச்சில் சோதனை வடிவமாக வந்து, அதே ஆண்டு நவம்பரில் பீட்டாவான அதிகாரபூர்வ ஸ்டீம், பீட்டாவைத் தாண்டவே இல்லை. 2026 ஜனவரி 1-ஆம் தேதியோடு அது நிறுத்தப்பட்டது. எனக்கு உண்மையிலேயே வருத்தமான முடிவு. வால்வ் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட புரோட்டான், வைனையே அடிப்படையாகக் கொண்டு விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் கருவி. அதன் பலத்தில்தான் 2022-ல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியே வந்தது. அதே பலம் குரோம்புக்குகளுக்கும் கிடைத்திருந்தது. ஆனால் பெரும்பாலான குரோம்புக்குகளில் அதைத் தாங்கும் கிராஃபிக்ஸ் சிப்போ, 8 ஜிபி ரேமோ, கேம்களை வைக்க இடமோ இல்லை.

லினக்ஸ் பகுதியில் நாமாக ஸ்டீமை நிறுவினால் என்ன? இன்டெல், ஏஎம்டி கணினிகளில் நிறுவலாம். ஆனால் மேலே சொன்ன உறை இங்கே வழிமறிக்கும். புரோட்டான், விண்டோஸ் கேம்கள் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் கட்டளைகளை வல்கன் என்ற கிராஃபிக்ஸ் மொழிக்குப் பெயர்த்துத்தான் வேகம் காட்டுகிறது. கன்டெய்னருக்குள் அந்த வேகம் நம்பும்படி கிடைப்பதில்லை. சிறிய 2டி கேம்களுக்கும் பழைய கேம்களுக்கும் மட்டும் முயன்று பாருங்கள்.

அதேநேரம் லினக்ஸுக்கென்றே இருக்கும் கேம்களை யாரும் சொல்வதில்லையே என்பது என் ஆதங்கம். பேட்டில் ஃபார் வெஸ்னாத், ஓப்பன்டிடிடி, சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி. ஆகியவை இலவசம், திறந்த மூலம், டெபியன் கிடங்கிலிருந்து ஒரே கட்டளையில் வந்துவிடும். வெஸ்னாத்துக்கும் ஓப்பன்டிடிடிக்கும் கிராஃபிக்ஸ் பலமே தேவையில்லை. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு அதிகாரபூர்வ லினக்ஸ் வடிவம் உண்டு, காட்சித் தூரத்தைக் குறைத்து வைத்தால் நல்ல கணினியில் ஆடலாம். டாஸ் காலத்து கேம் சிடி வைத்திருப்பவர்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அதற்கு எந்தக் குரோம்புக்கும் போதும்.

புதிய, பெரிய கேம்களுக்கு வருவோம். இங்கே ஸ்ட்ரீமிங்தான் என் பரிந்துரை. கேம் எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும், உங்கள் பொத்தான் அழுத்தம் அங்கே போகும், படம் வீடியோவாகத் திரும்பி வரும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இரண்டும் பிரவுசரிலேயே திறக்கும். இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு. ஜிஃபோர்ஸ் நவ் கணினியை வாடகைக்குத் தருகிறது. கேமை நீங்கள் ஸ்டீமிலோ எபிக்கிலோ வாங்கியிருக்க வேண்டும், அது அவர்களுடைய பட்டியலிலும் இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் வழி, சந்தா கட்டினால் ஒரு கேம் நூலகத்தையே திறந்துவிடுகிறது. ஏற்கெனவே ஸ்டீமில் கேம் வாங்கிக் குவித்தவருக்கு முதலாவது, புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவது. அவர்களுடைய சேவை உங்கள் நாட்டில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி எண்கள். ஜிஃபோர்ஸ் நவ் 720பி படத்துக்கு 15 எம்பிபிஎஸ், 1080பி படத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. 25 எம்பிபிஎஸ் முழுதாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 11 ஜிபி டேட்டா. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் 670 ஜிபியைத் தாண்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிடவும் முக்கியம் தாமதம். நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்தின் ஆயுள் சுமார் 16.7 மில்லிநொடி. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர் போகும். தரவு மையம் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போய்வர 10 மில்லிநொடி இழையிலேயே கழியும். ரவுட்டர்கள், படத்தைச் சுருக்குதல், விரித்தல் எல்லாம் அதற்கு மேல். கதை கேம், திட்டமிட்டு ஆடும் கேம், முறைவைத்து ஆடும் கேம் எதிலும் இது உறுத்தாது. சண்டை கேமிலும் போட்டித் துப்பாக்கி கேமிலும் உறுத்தும், கை பழகியவருக்கு முதல் நிமிடமே தெரிந்துவிடும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். முடிந்தால் யுஎஸ்பி வழியாக லேன் கேபிளே செருகுங்கள். சந்தாவை மாற்றுவதைவிட இந்த மாற்றம் பல நேரங்களில் அதிகப் பலன் தந்திருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கின் மெய்யான பலவீனம் வேறு. சேவை உங்கள் கையில் இல்லை. கூகுளின் சொந்த ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்குப் பணம் திரும்பி வந்தது, ஆடிய இடம் வரவில்லை. ஆகவே கேமை ஸ்டீம் போன்ற பொதுக் கடையில் வாங்கி, ஸ்ட்ரீமிங்கை வாடகை வண்டியாக மட்டும் வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த ஏற்பாடு. வண்டி நின்றுபோனாலும் சரக்கு உங்களுடையது.

வீட்டில் யாரிடமாவது நல்ல கேமிங் கணினி இருந்தால், சந்தாவே வேண்டாம். அதில் சன்ஷைன் என்ற இலவச மென்பொருளை நிறுவி, குரோம்புக்கில் மூன்லைட்டைத் திறந்தால், வீட்டு வைஃபைக்குள்ளேயே படம் வரும். ஸ்டீம் லிங்க்கும் இதே வேலையைச் செய்யும். இணைய டேட்டா செலவாகாது, தாமதமும் குறைவு. குரோம்புக்கில் கேம் ஆட நான் கண்டவற்றில் மிகச் சிறந்தது இதுதான்.

குரோம்புக்குக்குள் எந்த வழியிலும் திறக்காத கதவு ஒன்று உண்டு: இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரை இறங்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். வேலரண்ட் என்ற துப்பாக்கி கேமின் வேன்கார்டு அப்படிப்பட்டது. வைனோ புரோட்டானோ அதைத் தாண்டாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024-ல் லினக்ஸ் ஆட்டக்காரர்களுக்கு வழியை அடைத்துவிட்டது. ஃபோர்ட்நைட் லினக்ஸில் ஓடாது, ஆனால் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது வேலரண்ட் ஒன்றுதான் என்றால் குரோம்புக் வேண்டாம், விண்டோஸ் கணினி வாங்குங்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை.

இயங்குதளத்தையே மாற்றினால்?

குரோம் ஓஎஸ்ஸை அழித்துவிட்டு முழு லினக்ஸ் போடச் சொல்பவர்கள் உண்டு. உறைகள் போய்விடும், கிராஃபிக்ஸ் சிப் நேரடியாகக் கைக்கு வரும், ஸ்டீமும் புரோட்டானும் தடையில்லாமல் ஓடும். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் இதற்கு டெவலப்பர் மோடில் நுழைய வேண்டும் (நுழைந்த உடனே கணினியில் உள்ளதெல்லாம் அழியும்), ஃபர்ம்வேரின் (கணினியைத் தொடங்கி வைக்கும், சிப்பிலேயே பதிந்த மென்பொருள்) எழுத்துத் தடையை நீக்க வேண்டும், மாடலைப் பொறுத்து அதற்கு அடிமூடியைக் கழற்றி ஒரு திருகையோ பேட்டரி இணைப்பையோ எடுக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடித்த பிறகு ஒலி வராது என்பது பல மாடல்களில் கேட்கும் புகார். உங்கள் குறிப்பிட்ட மாடலில் மற்றவர்கள் வெற்றியாகச் செய்ததைப் படிக்காமல் திருகை எடுக்காதீர்கள். அப்டேட் காலம் முடிந்த, இன்டெல் சிப் உள்ள, தூக்கிப் போட நினைத்த கணினி என்றால் மட்டும் நான் தயங்காமல் சம்மதிப்பேன்.

பழைய விண்டோஸ் மடிக்கணினி கையில் இருப்பவர்களுக்குக் கேள்வி தலைகீழாக வருகிறது: அதில் மற்ற கணினிகளுக்கான குரோம் ஓஎஸ் வடிவமான குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போடுவதா, இலேசான லினக்ஸ் போடுவதா? 2022-ல் வெளியான ஃபிளெக்ஸில் பிளே ஸ்டோர் கிடையாது. லினக்ஸ் பகுதியும் எல்லாப் பழைய கணினிகளிலும் கிடைப்பதில்லை. பிரவுசரும் வீடியோவும் மட்டும் போதும், யாரும் பராமரிக்க மாட்டார்கள் என்ற வீட்டுக்கு ஃபிளெக்ஸ். மென்பொருளும் கேமும் வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு. அங்கே வைனுக்கோ புரோட்டானுக்கோ கிராஃபிக்ஸ் சிப்போடு இடையில் எந்த உறையும் இல்லை. ஆனால் புரோட்டானுக்கு வல்கன் வேண்டும். இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் 2015-ல் வந்த 6-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால்தான் அது நிம்மதியாக அமையும். அதற்கும் முந்தைய கணினியில் பழைய 2டி கேம்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குரோம் ஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் ஒரே தளமாக இணைக்கப்போவதாக 2025-ல் கூகுள் சொல்லியிருக்கிறது. ஆகவே இப்போது வாங்குபவர்கள், பிறகு வரப்போகும் வசதியை நம்பி வாங்க வேண்டாம். ஸ்டீம் விஷயத்தில் பலர் செய்த தவறு அதுதான். இன்று கடையில் இருக்கும் கணினி இன்று எதைச் செய்கிறதோ, அது உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள்.

வாங்கும் முன் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வாரத்தில் உண்மையாகத் திறக்கும் மென்பொருட்களையும் கேம்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தால் எட்டுப் பத்துக்கு மேல் தேறாது. இப்போது இருக்கும் விண்டோஸ் கணினியிலேயே இரண்டு நாள் குரோம் பிரவுசரை மட்டும் திறந்து அந்தப் பட்டியலை முடிக்கப் பாருங்கள், ஒரு மாலை ஜிஃபோர்ஸ் நவ்வின் இலவசத் திட்டத்தில் ஆடிப் பாருங்கள். அது ஒரு முறைக்கு 1 மணி நேரம் தரும், உங்கள் வீட்டு இணைப்பு தாங்குமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். பட்டியலில் மிஞ்சும் பெயர்களுக்கு லினக்ஸ் வடிவம் உண்டா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் வைன் பட்டியலில் தரம் பாருங்கள். 8 ஜிபி யுஎஸ்பி ஒன்றில் ஃபிளெக்ஸை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் திறந்து பார்க்கவும் முடியும். உங்கள் டிஸ்க்கில் உள்ளது அப்படியே இருக்கும். யுஎஸ்பியைக் கழற்றி மறுபடி திறந்தால் பழைய விண்டோஸ் வந்து நிற்கும்.